மாடி அறைக்கு எந்த நெயில் கன் வாங்கலாம்?

சுத்தியலுக்குப் பதில் ட்ரிகரை இழுத்து ஆணி அடிக்கிற கருவிதான் நெயில் கன். அதில் எதை வாங்கலாம் என்று காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மொட்டை மாடியில் பத்துக்குப் பதினாலு அடியில் ஓர் அறை கட்டுகிறார். சுவர் ஹாலோ பிளாக், மேலே இரும்பு பைப் அடித்து ஷீட். உள்ளே நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, ஒரு பக்கச் சுவருக்கு மரப் பேனல், ஜிப்சம் சீலிங், ஓர் அலமாரி, கதவுக்கும் ஜன்னலுக்கும் பீடிங், அதாவது ஓரத்தில் அடிக்கிற மெல்லிய மரப்பட்டை. படிக்கிற பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடப்போகிறாராம். கூலிக்கு ஆள் வைக்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் தானே செய்து முடிக்க ஆசை. “வீடியோவில் எல்லாரும் ஃப்ரேமிங் நெயிலர் வைத்திருக்கிறார்கள். அதையே வாங்கலாமா? பேட்டரியா, காற்றா? சுவரில் அடிக்கவும் அதுவே போதுமா? எது எடுத்தால் நல்லது அண்ணா?” என்கிறார்.

முதலில் அந்த வீடியோவை மூடுங்கள் தம்பி. அவர்கள் காட்டுவது தப்பு இல்லை, அவர்கள் வீடு வேறு. அமெரிக்காவில் சாதாரண வீடு என்றால் மர வீடுதான். இரண்டுக்கு நான்கு என்று பெயர் சொல்லி, நிஜத்தில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம் இருக்கிற கட்டையைப் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, மூன்று, மூன்றேகால் அங்குல ஆணியால் அடித்துக்கொண்டே போவார்கள். சுவர், தளம், கூரை எல்லாம் அப்படித்தான். ஒரு வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் ஆணி இறங்கும். அந்த வேலைக்கென்றே பிறந்தது ஃப்ரேமிங் நெயிலர். உங்கள் அறையில் அந்த மூன்றேகால் அங்குல ஆணி எதில் இறங்கும், சொல்லுங்கள். ஹாலோ பிளாக்கிலா, பைப்பிலா?

நான் வேலூரில் இருபத்திரண்டு வருஷமாக இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறேன். அவ்வளவு பெரிய ஆணி அடிக்கிற கன்னைக் கையில் வாங்கிப் பார்த்தது ஒரே ஒரு முறை, ராணிப்பேட்டைப் பக்கம் சரக்கு அடுக்குகிற மரப் பேலட் அடிக்கிற ஒரு பட்டறையில். அதுகூட ஃப்ரேமிங் நெயிலர் இல்லை, சுருள் ஆணி போடுகிற அதன் பங்காளி. ஆக, இந்தச் செலவு உங்களுக்கு மிச்சம்.

கன் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, உங்கள் வேலையில் எது எதன் மேல் உட்காருகிறது என்று எழுதிப் பாருங்கள். கூரை ஷீட் இரும்பு பைப்பின் மேல் உட்காருகிறது. அதற்குத் தானே துளை போட்டு இறங்குகிற செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ. ஜிப்சம் போர்டு ஜி.ஐ. சேனலில் (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) உட்காருகிறது, அதற்கு 25 மி.மீ. கறுப்பு ஸ்க்ரூ. அங்கே ஆணிக்கு வேலையே இல்லை, அடித்தாலும் நாலு நாளில் போர்டு தொங்கும். பேனலுக்கு அடியில் வருகிற மரச்சட்டமான ரீப்பர் ஹாலோ பிளாக் சுவரில் உட்காருகிறது. டிரில் போட்டு, பிளக் வைத்து, ஸ்க்ரூ. தடுப்புக்கான மரச்சட்டத்தின் மூட்டுகளும் ஸ்க்ரூதான். இதையெல்லாம் தாளில் கோடு போட்டு அடித்துவிட்டால் மிச்சம் என்ன? சட்டத்தின் மேல் பிளைவுட், ரீப்பரின் மேல் பேனல், அலமாரிக்கு முதுகுப் பலகை, விளிம்புப் பட்டை, பீடிங். எல்லாமே மரத்தின் மேல் மரம், மெல்லிய வேலை. அதற்குக் காற்றழுத்தத்தில் ஓடுகிற ஒரு எஃப் 30 கன் போதும்.

கடையில் குழம்பாமல் இருக்க கேஜ் கணக்கை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். எண் ஏற ஏற ஆணி மெலியும். 23 கேஜ் பின் 0.6 மி.மீ. கனம், தலையே கிடையாது, குண்டூசி மாதிரி இருக்கும். 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ.; இதுதான் நாம் எஃப் ஆணி என்று கேட்டு வாங்குவது. 16 கேஜ் 1.6 மி.மீ., கனமான நிலைச்சட்டப் பட்டைக்கு. எஃப் 30 என்றால் 10 முதல் 30 மி.மீ. வரை நீளமுள்ள ஆணி போடுகிற கன். எஃப் 50 என்றால் 50 வரை போகும். ‘பெரிசாகவே வாங்கிவிடலாமே’ என்று எல்லாருக்கும் எஃப் 50 மேல்தான் கண் போகும். உங்கள் பீடிங் கனம் 18, 20 மி.மீ. என்றால் வாங்குங்கள், நியாயம் உண்டு. 9, 12 மி.மீ. பீடிங்குக்கு அது வேண்டாம். அந்த மெல்லிய கம்பியை 50 மி.மீ. நீளத்துக்குக் கடினமான மரத்தில் அடித்தால் பாதியில் மடங்கி எங்கேயாவது மூக்கை நீட்டும். தேக்கு, ரப்பர் மரம், பிளை இதெல்லாம் சொன்னபடி கேட்கும். வேங்கை, படாக் மாதிரி மரத்தில் 30 மி.மீ. கூடச் சில சமயம் வளைந்துவிடும். அங்கே டிரில்லில் சின்ன பிட் மாட்டித் துளை போட்டுக் கையால் அடிப்பதுதான் மரியாதை.

நீளத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது: மேலே வைக்கிற பலகையின் கனத்தைப்போல மூன்று மடங்கு ஆணி. 6 மி.மீ. முதுகுப் பலகைக்கு 20 எடுக்கலாம், 9 மி.மீ. பட்டைக்கு 25 அல்லது 30. 12 மி.மீ. பட்டைக்குக் கணக்குப்படி 36 வர வேண்டும், ஆனால் 30 போதும். ஏன் போதும் என்றால், பிடித்து நிற்கப்போவது ஆணி இல்லை, ஃபெவிகால்.

புதிதாக கன் வாங்குகிற எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். 1.2 மி.மீ. கம்பிக்குத் தலை என்று பெயருக்கு ஒரு விளிம்பு இருக்கும், அவ்வளவுதான். பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும், ஆனால் நேராக இழுத்தால் கையோடு வந்துவிடும். கூடவே நம் ஊர் வெயில். வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது, ஷீட் போட்ட மாடி அறைக்குள் மரம் காய்ந்து சுருங்கும், மழைக்காலத்தில் திரும்ப ஊதும். வெறும் கன் ஆணியில் நிற்கிற பீடிங் இரண்டு வருஷத்தில் மூலைக்கு மூலை வாயைத் திறக்கும். பசையைப் பட்டை முழுக்கத் தடவி, இடத்தில் வைத்து, ஒரு முழத்துக்கு ஒன்றாகத் ‘தப், தப்’ என்று அடித்துவிட்டுப் போங்கள். ஃபெவிகால் பிடிக்கும்வரை பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மூன்றாவது கைதான் இந்த கன். சுத்தியலால் அடிக்கும்போது ஒரு கை பட்டையை, ஒரு கை ஆணியை, ஒரு கை சுத்தியலைப் பிடிக்க வேண்டியிருக்கும் இல்லையா, அந்தக் கஷ்டம் தீர்கிறது. ஆணி தலை மறைய உள்ளே போய், எள்ளளவு ஓட்டை தெரியும். மரத்தூளைக் கொஞ்சம் ஃபெவிகாலில் குழைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் ஒரு இழுப்பு. பத்தடி தள்ளி நின்றால் தெரியாது.

19 மி.மீ. பிளையின் விளிம்பில் அடிக்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். கன் நூல் அளவு சாய்ந்தாலும் ஆணி பிளையின் அடுக்குகளுக்கு நடுவில் வழுக்கி, மைக்கா ஒட்டிய பக்கமாக வெளியே வந்துவிடும். அந்த மைக்கா போனது போனதுதான்.

இனி, கன்னுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கிற கம்ப்ரஸர். கன் இரண்டாயிரம், மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். பணம் போகிற இடம் கம்ப்ரஸர்தான். எஃப் 30 குடிக்கிற காற்று கொஞ்சம்தான், வேலை செய்கிற அழுத்தம் 60 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை. 1 ஹெச்.பி. மோட்டார், 24 அல்லது 25 லிட்டர் டேங்க் இருந்தால் உங்கள் அறைக்குத் தாராளம். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட், வீட்டு சிங்கிள் ஃபேஸிலேயே ஓடும். ஆனால் கிளம்பும்போது ஒரு இழுப்பு இழுக்கும். அதனால் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை மாடி வரைக்கும் சுற்றி இழுத்துக் கொடுக்காதீர்கள். வயர் சூடாகும், மோட்டார் முனகும். கம்ப்ரஸரை பிளக்குக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, பத்து மீட்டர் காற்று ஹோஸை மாடிக்கு ஏற்றுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்க்கிற யோசனையும் வேண்டாம். கரண்ட் போனாலும் பயமில்லை, டேங்க் நிறைந்திருந்தால் என்னுடைய கம்ப்ரஸரில் நூறு ஆணிக்கு மேல் அடித்திருக்கிறேன்.

எண்ணெய் ஊற்றத் தேவையில்லாத ஆயில் ஃப்ரீ கம்ப்ரஸர் வாங்கலாமா என்றால், உங்களுக்கு வாங்கலாம். சத்தம் அதிகம், பராமரிப்பு குறைவு. சத்தத்துக்காக மதியம் இரண்டு மணிக்குக் கீழ்வீட்டுப் பாட்டியிடம் பேச்சு வாங்குவது வேறு விஷயம். காதுக்குப் பஞ்சு வைப்பதைவிட இயர் பிளக் வாங்கிக்கொள்ளுங்கள். மூடிய அறைக்குள் கன்னின் சத்தமும் கம்மி இல்லை.

அழுத்தத்தை எடுத்தவுடனே நூறில் வைக்காதீர்கள். வேண்டாத துண்டு ஒன்றை எடுத்து அறுபதில் அடித்துப் பாருங்கள். ஆணித் தலை வெளியே நின்றால் ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். தலை அரை மி.மீ. உள்ளே போகிற இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் கன்னின் மூக்கு மரத்தில் பிறை மாதிரி வடு போடும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் ஆணியைச் சுற்றிக் கொப்புளம் மாதிரி எழும். தினமும் வேலை தொடங்கும்போது கன்னில் காற்று நுழைகிற வாயில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் மாதிரி மெல்லியதாக இருக்க வேண்டும், கிரீஸ் கூடாது. சாயங்காலம் டேங்க்கின் அடியில் இருக்கிற வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். காற்றை அழுத்தினால் அதிலிருக்கிற ஈரம் தண்ணீராக இறங்கும். ஐப்பசி மழையில் வேலை செய்தால் ஒரு டம்ளர் வந்தாலும் ஆச்சரியம் இல்லை. அது உள்ளே நின்றால் டேங்க் துருப்பிடிக்கும், கன்னுக்குள் போனால் காற்று கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையத்தை, ஓ-ரிங்கை, கெடுக்கும்.

பேட்டரி கன் பற்றிக் கேட்டீர்கள். ஹோஸ் இல்லை, கம்ப்ரஸர் இல்லை, ஏணியில் ஏறி அடிக்க சுகம். தினமும் வீடு மாறி வீடு போய்ப் பத்து ஆணி அடித்துவிட்டு வருகிறவனுக்கு அது வரம். ஒரே அறைக்கு அந்த விலை கொடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். காற்று கன் ஒரு கிலோ சொச்சம். 18 வோல்ட் பேட்டரி கன் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். தலைக்கு மேல் தூக்கி அரை நாள் அடித்தால் தோள்பட்டை சொல்லும். போதாததற்கு, மே மாத மொட்டை மாடியில் வெயில் படுகிற இடத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் பேட்டரிக்கும் நல்லதில்லை. இன்னொன்று, கம்ப்ரஸர் இருந்தால் பெயின்ட் ஸ்ப்ரே, பைக் டயர், தூசி ஊதுவது என்று வேலை முடிந்த பிறகும் உதவும்.

சரி, “சுவரில் அடிக்கவும் அதுவே போதுமா” என்றீர்களே. போதாது, எஃப் 30 ஆணி கான்கிரீட்டில் பட்டால் மடங்கிவிடும். சுவருக்கென்று எஸ்.டி. 64 என்று ஒரு காற்று கன் உண்டு, 2.2 மி.மீ. கனத்தில், 18 முதல் 64 மி.மீ. வரை கெட்டி ஆணி போடும். பில்லர், பீம், தளம் இவற்றில் ரீப்பரைச் சட்டென்று நிறுத்த நல்ல கருவி. அதற்கும் மேலே, சின்னத் தோட்டா வெடிக்கிற விசையில் ஆணியை இறக்குகிற வகை. நம் ஆட்கள் கம்பெனி எதுவானாலும் ஹில்டி கன் என்றே சொல்வார்கள். சீலிங் ஆட்கள் இப்போது நீளக் கம்பியின் நுனியில் மாட்டி, வெடிமருந்தும் ஆணியும் சேர்ந்தே வருகிற ஒன்றைத் தளத்தில் வைத்து அழுத்துவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் அந்த இனம்தான். இவை மூன்றுமே உங்கள் ஹாலோ பிளாக் சுவருக்கு ஆகாது. உள்ளே வெற்றிடம். ஓட்டுக்கனம் தாண்டியதும் ஆணிக்குப் பிடிக்க எதுவும் இல்லை, அடிக்கிற அதிர்ச்சியில் கல்லின் முகம் பெயர்ந்து வரும். தோட்டா வகையை நாலு இன்ச் சுவரில் வைத்தால் ஆணி அந்தப் பக்கம் போய்விடும், அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. டிரில்லும் பிளக்கும் மெதுவான வேலைதான், பரவாயில்லை.

இப்போது விரல். என் இடது ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் மிளகு அளவு ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் கதவுக்கு பீடிங் அடித்துக்கொண்டிருந்தேன். பட்டையை இடது கையால் பிடித்து, விரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி கன்னை வைத்து அழுத்தினேன். உள்ளே ஒரு கணு இருந்தது. ஆணி கணுவில் முட்டி, அப்படியே பக்கவாட்டில் திரும்பி, பட்டையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு என் விரலில் ஏறியது. வலி தெரியவில்லை, கையை எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. விரல் பட்டையோடு தைத்திருந்தது. கூட இருந்த பையன்தான் கொறடு எடுத்துவந்தான்.

எஃப் ஆணியின் நுனி உளி மாதிரி இருக்கும், மர ரேகை போகிற பக்கம் போய்விடும். ஆகவே என் கணக்கு இது: 30 மி.மீ. ஆணி போட்டிருந்தால் பிடிக்கிற கை அந்த 30 மி.மீ.க்கு உள்ளே ஒருநாளும் வரக்கூடாது. நான் இப்போது ஒரு சாண் தள்ளித்தான் பிடிக்கிறேன்.

இது என் ஒருவன் கதை இல்லை. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை எடுத்த கணக்குப்படி, நெயில் கன் காயத்தோடு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் ஆண்டுக்குச் சுமார் 37,000 பேர். வீட்டில் தாங்களே வேலை செய்து அடிபட்டவர்கள் மட்டும் 1991-ஐவிட 2005-ல் சுமார் மூன்று மடங்கு. காயம் அதிகம் பட்டது கையிலும் விரலிலும். கைக்கு வைத்தியம் என்றால் நம் ஊருக்கு உலகப் பெயர் உண்டுதான், 1946-ல் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பெயர் வாங்கிய ஊர் இது. அதைச் சோதித்துப் பார்க்க நம் விரலைக் கொண்டுபோக வேண்டியதில்லை.

கடையில் ட்ரிகரைக் கட்டாயம் பாருங்கள். மூக்கை மரத்தில் அழுத்திய பிறகு ட்ரிகரை இழுத்தால் ஓர் ஆணி, அடுத்த ஆணிக்கு ட்ரிகரை விட்டு மறுபடி இழுக்க வேண்டும். இது ஒரு வகை. ட்ரிகரைப் பிடித்தபடியே மூக்கை எங்கே தட்டினாலும் ஆணி பாயும்; இது இன்னொரு வகை. வேகம் இரண்டாவதில், காயமும் அதில்தான். முதல் வகையைப்போல இரண்டு மடங்கு ஆபத்து என்று அமெரிக்காவின் வேலைப் பாதுகாப்புத் துறையே எழுதியிருக்கிறது. நீங்கள் முதல் வகையைத்தான் எடுக்க வேண்டும். நம் கடைகளில் கிடைக்கிற மலிவான எஃப் 30 கன்கள் சிலவற்றில் இந்த மூக்குப் பூட்டே கிடையாது, ட்ரிகரைத் தொட்டால் காற்றில்கூட ஆணி பறக்கும். “சேஃப்டி மூக்கு வைத்ததாகக் கொடுங்கள்” என்று கேட்டு வாங்குங்கள். முந்நூறு, நானூறு கூட ஆனால் ஆகட்டும். கண்ணாடி மாட்டாமல் அடிக்காதீர்கள். ஆணி சிக்கிக்கொண்டால் முதலில் ஹோஸைக் கழற்றிவிட்டு அப்புறம் மூக்கைத் திறக்க வேண்டும். ஹோஸ் மாட்டிய கன்னை ட்ரிகரில் விரல் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறுகிற பழக்கம் என் பையன்கள் எல்லாரிடமும் இருந்தது, திட்டித் திட்டித்தான் போனது.

ஆணி வாங்கும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. எஃப் வரிசை, டி (T) வரிசை, எஸ்.டி. வரிசை மூன்றும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்றுக்குள் ஒன்று போகாது. ஆணிகள் வரிசையாக ஒட்டியிருக்கிற பழைய பட்டையில் நாலு ஆணியைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு பட்டைக்கு நூறு ஆணி, பெட்டிக்கு ஐயாயிரம். உங்கள் அறைக்கு 20, 30 இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கினால் பாதிக்கு மேல் மிஞ்சும். ஜன்னல் கொசுவலைக்கு கன்னை எடுக்காதீர்கள், கையால் அழுத்துகிற ஸ்டேப்ளர் போதும். மெல்லிய ஆணி வலையில் நிற்காது, ஸ்டேப்ளர் பின்னுக்கு இரண்டு கால் இருக்கிறது.

பணம் இடித்தால் கன்னைப் புதிதாக வாங்குங்கள், கம்ப்ரஸரைப் பழையதாகப் பார்க்கலாம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் யூனிட்டுகளில் ஸ்ப்ரே அடிக்க ஓடிய கம்ப்ரஸர்கள் விலைக்கு வருவதுண்டு. நான் ஒருமுறை பெயின்ட் புதிதாக இருக்கிறதே என்று ஏமாந்து ஒன்றை எடுத்து வந்து, இரண்டாம் மாதமே டேங்க்கின் அடியில் ஊசிமுனை ஓட்டையில் காற்று சீறியது. வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று சொல்வார்கள், காற்று டேங்க்கில் அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். பார்க்கப் போகும்போது ஓடவிட்டு டேங்க்கை நிரப்பச் சொல்லுங்கள். மோட்டாரை நிறுத்திப் பத்து நிமிஷம் முள்ளைப் பாருங்கள், இறங்குகிறதா என்று. அப்புறம் குனிந்து, மிச்சம் கொஞ்சம் அழுத்தம் இருக்கும்போதே அடி வால்வை ஒரு வெள்ளைத் துணியின் மேல் மெல்லத் திறவுங்கள். தண்ணீர் தெளிவாக வந்தால் விலை பேசலாம். செங்கல் நிறத்தில் வந்தால் டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுங்கள்.